கத்தரிப்பூ நைட்டி

சமர்த்து எல்லாம் ஒன்றும் இல்லைங்க அக்கா. சத்தம் போட்டால் காடை செத்துப்போகும் என்று இவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். கைக்குழந்தையாக எங்கள் அம்மா வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது முதல் இவள் காடை ஷெட்டுக்குள்தான் வளர்கிறாள். குஞ்சுகளுக்குக் குண்டு பல்பு எரிகிற இடம், கதகதப்பாக இருக்கும். பக்கத்திலேயே தூளி கட்டிவிட்டேன். இவள் வீல் என்று ஒரு சத்தம் போட்டால் போதும், அத்தனை குஞ்சும் ஒரு மூலைக்கு ஓடும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அடியில் மாட்டினது மூச்சு முட்டிச் சாகும். அதனால் வாயைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். இப்போது பேச்சு வந்துவிட்டது. ஆனால் எல்லாம் காதோடு காதாகத்தான். பசித்தாலும் காதில் வந்து சொல்லும், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும் காதில் வந்துதான் அழும். அங்கன்வாடி டீச்சர், "ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டு ரேணுகா, பாப்பாவுக்குக் குரல்ல ஏதோ கோளாறு" என்றார்கள். என்ன கோளாறு? இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? நீங்களே சமர்த்து என்றுதானே சொன்னீர்கள்.

மிதுனா, பெரியம்மாகிட்டப் பேர் சொல்லு. பாருங்கள், காதைக் கொடுங்கள் என்கிறாள்.

நானும் இப்படி யாரிடமும் வாய் கொடுக்கிற ஆள் இல்லைங்க. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் பேசியதே கிடையாது. பஸ்ஸில் ஏறினதே எப்போது என்று யோசித்தால்தான் தெரியும். இன்றைக்கு என்னமோ பேசினால் தேவலை போல இருக்கிறது. என் அண்ணனுக்குக் கல்யாணம் அக்கா. மடத்துக்குளத்தில். நாளைக்கு விடியக்காலம் முகூர்த்தம், இன்றைக்குப் பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்தில், இணைச்சீர். நீங்களும் நம்ம பக்கம்தானே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு இணையாக உடன்பிறந்தவள் உட்கார வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், ஒரு முனை தங்கை கையில். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டே பேர்தான், பூபதி அண்ணனும் நானும். அந்த முனையைப் பிடிக்க நான் போயாக வேண்டும்.

போய்விடுவேன். பஸ் ஏறிவிட்டேனே.

காடையா? நாங்கள் ஊதியூர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்க்கிறோம். என் வீட்டுக்காரர் லோகநாதன், அவருடைய அம்மா, நான். அத்தைக்கு முட்டிவலி, ஷெட்டுக்குள் வர மாட்டார்கள். அவர் தீவனம் வாங்க, கடைகளுக்குப் போட என்று வெளிவேலை. உள்வேலை எல்லாம் நான். குஞ்சு வரும்போது என் கட்டைவிரல் தண்டிக்குத்தான் இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில்கூட முங்கிச் செத்துப்போகும், அதனால் கிண்ணம் நிறையக் கூழாங்கல் போட்டு, கல்லுக்கு இடையில் தண்ணீர் விட வேண்டும். குளிர்ந்தாலும் சாகும், சூடு கூடினாலும் சாகும். சாகிறதற்கு என்றே பிறந்த மாதிரி இருக்கும். சுற்றிலும் வட்டமாகத் தகரம் நிறுத்தி, அதற்குள்தான் விடுவோம். ஒரு வாரம் போய்த் தகரத்தை எடுத்துவிடுவேன், ஓடி ஆடட்டும் என்று. எங்கே ஓடுகிறது? தகரம் இருந்த இடத்தோடு நின்று திரும்பிவிடும். எடுத்தது அதற்குத் தெரியாது. தீவனத்தை அந்தப் பக்கம் தூவித் தூவித்தான் வெளியில் கூட்டிவர வேண்டும். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பாக வரும். அறிவு அவ்வளவுதான் அதுகளுக்கு.

மூன்றாவது வாரம் நெஞ்சில் நிறம் தெரிந்துவிடும். செங்காவி அடித்தால் சேவல், புள்ளி புள்ளியாக இருந்தால் பொட்டை. பிரித்துப் பெரிய கூண்டுக்கு மாற்ற வேண்டும். அதுதான் உள்ளதிலேயே பெரிய வேலை. வெளிச்சம் மங்கினதும் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் மூடி எடுத்து உள்ளே விட வேண்டும். கூண்டு கம்பிக் கூண்டு, அடுக்கடுக்காக இருக்கும். தலைக்கு மேலே ஒரு சாண் உயரம்கூட வைக்க மாட்டார்கள். முதலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர்தான் விளக்கம் சொன்னார். "ஒசரம் இருந்தா மேல எவ்வும், எவ்வுனா மண்டை ஒடையும். ஒசரமே இல்லைன்னா எவ்வோணும்னே தோணாது பாரு." சரிதானே? அதுகளின் நல்லதுக்குத்தான்.

அங்கேதான் அக்கா என் கைராசி. மற்றவர்கள் உள்ளே வந்தால் புதுக்கூண்டில் அத்தனையும் குதித்து மண்டையை உடைத்துக்கொள்ளும். நான் போனால் கம்மென்று இருக்கும். ஊருக்குள் எல்லாருக்கும் அது தெரியும். ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் வந்தாலும் அத்தை முதலில் அதைத்தான் சொல்வார்கள். "என்ற மருமக எட்டாவதுக்கு மேல படிக்கலீங்க, ஆனா அவ உள்ள போனா ஒரு காடை ரெக்கையை அசைக்காது." படிப்பைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்லலாம், ஆனால் அத்தைக்கு அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

ஒரே ஒரு தடவைதான் தப்பிப்போனது. ஆடி நோம்பிக்குக் கோயிலுக்குப் போனேன். அரை நாள்தான். குங்குமச் சிவப்பில் கல்யாணச்சேலை, அதைக் கட்டிக்கொண்டு போனவள், தண்ணீர் விட நேரமாகிவிட்டதே என்று வந்த காலோடு ஷெட்டுக்குள் போய்விட்டேன். அவ்வளவுதான். மழை கொட்டின மாதிரி ஒரு சத்தம். அத்தனையும் மேலே எவ்வி எவ்வி மோதுகிறது. கம்பியெல்லாம் ரத்தம். மிதுனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவளை மறைக்கவா, காடையைப் பிடிக்கவா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்குக் கூடை கூடையாக அள்ளினோம்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தைதான், "அரை நாள் உன்னைக் காணோம்னதும் அதுங்களுக்கு ஏக்கம் புடிச்சிருச்சு அம்மணி. தாயைத் தேடற மாதிரி" என்றார்கள். எனக்கு அழுகையாக வந்தது. அதற்கு அப்புறம் நான் எங்கேயும் போகவில்லை. எங்கள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, போகவில்லை. ஒன்றுவிட்ட தங்கைக்கு வளைகாப்பு, போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லைங்க, தப்பாக நினைக்காதீர்கள். "இந்த பேட்ச் கூண்டு ஏறட்டும், போயிட்டு வா" என்றுதான் அவர் சொல்வார். ஆனால் இந்த பேட்ச் கூண்டு ஏறுகிற அன்றைக்கே அடுத்த பேட்ச் குஞ்சு பெட்டியில் வந்து இறங்கிவிடும். அது யார் குற்றம்?

ஷெட்டுக்குள் என்ன கட்டுவேனா? எப்போதும் ஒரே நைட்டிதாங்க. கத்தரிப்பூ நிறம். நல்ல துணியைக் கட்டிக்கொண்டு அந்த வாடைக்குள் போக முடியுமா? பொழுதோடு அலசி, பல்புச் சூட்டில் காயப்போட்டு, வெள்ளெனப் போட்டுக்கொள்வேன்.

நீங்கள் சட்டென்று பிடித்துவிட்டீர்களே அக்கா. எனக்கு அது தெரிய எத்தனை மாசம் ஆனது தெரியுமா?

போன பங்குனியில் எனக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. அந்த மழைச் சத்தம் எப்போது கேட்குமோ, எப்போது கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். கேட்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய் ஷெட்டுச் சன்னலில் பார்த்தேன்.

உள்ளே அவர் நிற்கிறார். என் நைட்டியைப் போட்டுக்கொண்டு.

சிரிக்காதீர்கள் அக்கா. சரி, சிரியுங்கள். தோள்பட்டையில் தையல் விட்டிருக்கிறது, கீழே முழங்கால் தெரிகிறது, மேலே அவ்வளவு பெரிய மீசை. தீவனம் போடுகிறார். ஒரு காடை, ஒரே ஒரு காடைகூட ரெக்கையை அசைக்கவில்லை. கம்மென்று மேய்கிறது. அவர் குனிந்து என்னை மாதிரியே நாக்கை மடித்துச் சத்தம் கொடுக்கிறார், அதுகள் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. வாசற்படியில் அத்தை, யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். "டேய் லோகு, ஒரு பூவும் வச்சுக்க, முட்டை சேத்தி வெக்கும்." அவர், "சும்மா இரும்மா, யாராச்சும் பாத்தா மானம் போயிரும்" என்கிறார்.

நான் வந்து படுத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சல் என்பதால்தான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

கேட்கவில்லை. என்ன கேட்பது? அவர்களும் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஒறம்பரை வந்தார்கள், அத்தை அதே மாதிரிதான், "அவ உள்ள போனா ஒரு காடை ரெக்கையை அசைக்காது" என்று சொன்னார்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். என் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைத்திருக்கிறார்கள் அக்கா. வேறு என்ன? இல்லாவிட்டால், யார் போட்டாலும் நைட்டி நைட்டிதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாமே. மற்ற வீட்டில் சொல்வார்கள்.



அப்புறம் இந்தக் கல்யாணம் வந்தது. கூண்டு மாற்றுகிற நாளும் முகூர்த்தமும் ஒன்றாக விழுந்தது. நான் அவரிடம் வாய் திறந்து கேட்கவே ரொம்ப நாள் ஆனது. சோறு போடும்போது கேட்கலாம் என்று நினைப்பேன், சோறு போட்டுவிட்டு வந்துவிடுவேன். கடைசியில் அம்மா போன் செய்தார்கள். "வர முடியலைன்னா இப்பவே சொல்லிரு கண்ணு. உங்க பெரியப்பன் மக கவுசல்யா இருக்கறா. அவளும் தங்கச்சி மொறைதான், அவளை நிறுத்திக்கலாம்."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாதாரணமாகச் சொன்னார்கள், வெல்லம் இல்லாவிட்டால் சர்க்கரை போட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரி. பின்னாடியிலிருந்து அண்ணன், "அவ வருவாம்மா, நீ போனை வையி" என்று கத்தினது கேட்டது. அந்தச் சத்தம்தான் என்னைக் கேட்கவைத்தது. அன்றைக்கே அவரிடம் போய், "நான் போவோணும்" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, "கூண்டு மாத்தற வேலை?" என்றார். "முன்னாடியே மாத்திடலாமுங்க" என்றேன்.

முன்னாடியே மாற்றக்கூடாது. இறகு சரியாக மூடியிருக்காது, புது இடத்துக்குப் பயப்படும். எனக்குத் தெரியும். தெரிந்தும் நேற்றுப் பொழுதோடு மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து விடும்போது கைக்குள் அதன் நெஞ்சு அடிக்கிறது பாருங்கள், அது என் நெஞ்சா அதன் நெஞ்சா என்றே தெரியவில்லை. முடித்துவிட்டு வெளியில் வந்தால் அவர், "சரி, போயிட்டு வா. ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்றார். அத்தையும், "போயிட்டு வா அம்மணி, எத்தனை நாளைக்குத்தான் இங்கயே கெடப்ப" என்றார்கள்.

இத்தனை வருசமாக அந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினேன். வந்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்குகிற மாதிரி. ஒருவேளை இல்லையோ என்னவோ.

காலையில் புறப்படும்போது நைட்டி கொடியில் தொங்கியது. பல்பு எரியாததால் ஈரம் காயவில்லை. அதை மடித்து, இந்தப் பையில் மிதுனாவின் பட்டுப்பாவாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் என்றால்? ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டு வந்தால் வாடை அடிக்கும். அப்புறம், அவர் போட்டுக்கொண்டு நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் அவருக்குத்தானே கேவலம்? அத்தை வாசலில் எத்தனை நேரம் காவல் இருப்பார்கள், முட்டிவலியோடு? அதையெல்லாம் யோசித்துத்தான் எடுத்துவந்தேன். அவருக்கு நல்லது நினைத்துத்தான்.

ஒரு நிமிஷம் இருங்கள் அக்கா, போன். அவர்தான்.

அலோ... ஆமாங்க, பஸ்ஸிலதானுங்க... என்னதுங்க? சரியா கேக்கலீங்க... நைட்டியா? ஆமாங்க. எங்கிட்டத்தான் இருக்குதுங்க. தெரியாம மடிச்சு வச்சுட்டேன்... அய்யோ. எத்தனைங்க? ... மேல் அடுக்கா, கீழ் அடுக்குங்களா? ... லைட்டை அணைச்சுருங்க, சாக்கைத் தொங்கவிட்டு மூடுங்க, உள்ள யாரும் போகாதீங்க... சரிங்க... சரிங்க... அதெல்லாம் வேண்டாமுங்க... சரிங்க.

காலைத் தீவனத்துக்கு உள்ளே போயிருக்கிறார். அத்தனையும் எவ்வ ஆரம்பித்துவிட்டது. என் ஊதாச் சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறார், அதற்கும் அடங்கவில்லை. ஊதாவும் கத்தரிப்பூவும் ஒன்றா? கத்திக்கொண்டே பேசுகிறார் அக்கா, ஷெட்டுக்குள் இருந்துகொண்டே கத்துகிறார், பின்னாடி அந்த மழைச் சத்தம்.

இல்லை, வரச்சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிரில் வருகிற பஸ் கண்டக்டரிடம் அந்தப் பையைக் கொடுத்துவிடு என்றார். அவர் ஊதியூர் ரோட்டில் நின்று வாங்கிக்கொள்வாராம். "நீ அடுத்த பஸ்ஸைப் புடிச்சுக் கல்யாணத்துக்குப் போ. மெதுவா வா. நாலு நாள் இருந்துட்டுக்கூட வா" என்றார்.

நாலு நாள். இவர் வாயிலிருந்து.

ஆமாங்க, கொடுத்துவிடலாம். நீங்கள் சொல்கிறது சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கண்டக்டர் எங்கேயாவது சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துவிட்டால்? அவர் ரோட்டில் நிற்க, பஸ் நிற்காமல் போய்விட்டால்? ஒரு பொம்பளை நைட்டியை முன்பின் தெரியாத ஆம்பளை கையில் எப்படிக் கொடுப்பது? என்ன சொல்லிக் கொடுப்பது, காடைக்கு என்றா?

நீங்களே அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக் கொடுக்கிறீர்களா? வேண்டாங்க அக்கா, உங்களுக்கு எதற்குச் சிரமம். அதுவும் இல்லாமல் அவர் குரலை நீங்கள் கேட்கவில்லை. இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசினதே இல்லை. ஒரு மனுசன், மெதுவா வா, நாலு நாள் இருந்துட்டு வா என்று அவ்வளவு சத்தமாகச் சொன்னால் என்ன அர்த்தம்? சீக்கிரம் வந்துவிடு என்றுதானே அர்த்தம்? வெளியில் சொல்ல மாட்டார். அவருக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியாதா?

நைட்டி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? இறகு மூடாத குஞ்சு அது. நான்தானே அவசரப்பட்டு மாற்றினேன்.

கல்யாணத்துக்குக் கவுசல்யா இருக்கிறாள் அக்கா. என்னைவிடச் சிவப்பு, சேலை நன்றாக நிற்கும் அவளுக்கு. போட்டோவுக்கும் நன்றாக இருப்பாள். முனையைப் பிடிக்கத்தானே? யார் பிடித்தால் என்ன. அண்ணன் ஒரு நாள் கோபமாக இருப்பான், அப்புறம் புதுப்பொண்டாட்டி வந்துவிட்டால் மறந்துவிடுவான். அடுத்த பேட்ச் கூண்டு ஏறினதும் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். பொண்ணையும் நிதானமாகப் பார்க்கலாம்.

மிதுனா, எழுந்திரு தங்கம். செருப்பைப் போட்டுக்க. என்ன? ... மாமா கல்யாணத்துக்கு அப்புறமா போலாம் கண்ணு. காடைக்குப் பசிக்குதாம்.

ஸ்டாப் வந்துவிட்டது போல. அந்தப் பெரியவர் எழுந்துவிட்டார் பாருங்கள், இங்கேதான் நிற்கும். வருகிறேன் அக்கா. உங்களிடம் பேசினது மனசுக்குத் தேவலையாக இருந்தது. உங்கள் மடியில் வைத்திருக்கிற பையை இப்படிக் கொடுங்கள். கொடுங்கள் அக்கா, நான் எடுத்துக்கொள்கிறேன். எதிர்ப் பஸ்ஸும் வந்து நிற்கிறது, இதை விட்டால் அடுத்தது எப்போதோ.

என்ன அக்கா நீங்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். பஸ்ஸை எடுத்துவிடுவார்கள். என் கையை விடுங்கள். விடுங்கள் அக்கா.